பனி படாத பானெட்

ராகு காலம் முடிந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை மௌலி டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பானெட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. வைப்பரில் கட்டிய சாமந்தி மாலையின் ஒரு பூ முன்கண்ணாடியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. மடியில் அம்மா கொடுத்தனுப்பிய மஞ்சள் பை. பழத்தையும் சூடத்தையும் எடுத்தபின் அதில் மிச்சம் இருப்பது பணம் மட்டும். அது இன்னும் கைமாறவில்லை, ராகு காலத்தில் பணமும் கொடுக்கக் கூடாதாம். வலது கையில் சாவி. அது ஜில்லென்று இருந்தது. இடது உள்ளங்கையில்தான் விடியற்காலையில் தொட்ட அந்தச் சூடு ஏதோ பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பேன்ட்டில் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. அது எப்படி இவ்வளவு நேரம் இருக்கும், அதற்கப்புறம் வண்டியை ஓட்டியாயிற்று, பைபாஸ் வரை போய்த் திரும்பியாயிற்று, கை கழுவித் திருநீறு பூசியாயிற்று, இல்லை, அது தோலில் இல்லை. ரொம்பச் சூடு என்றும் சொல்ல முடியாது. கறந்து சற்று நேரமான பால் சொம்பைத் தொட்டால் இருக்குமே, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவும் அங்கே இருந்திருக்கக் கூடாது. இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி அது. அக்கம்பக்கத்தில் வரிசையாக நின்ற வண்டிகளின் பானெட்டிலெல்லாம் பனி முத்து முத்தாகப் பூத்திருந்தது, விரலால் பெயர் எழுதலாம்போல. இந்த ஒன்றில் மட்டும் இல்லை. இந்த ஒன்று மட்டும் துடைத்து வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது.

துடைத்திருக்கலாம். விற்கிற வண்டியைத் துடைத்து வைக்க மாட்டார்களா. ஆனால் பத்து மணிக்கு வருகிறோம் என்றல்லவா சொல்லியிருந்தது, ஆறு மணிக்கு யார் எழுந்து துடைக்கப் போகிறார்கள். மௌலி மறுபடியும் முதலிலிருந்து யோசித்தான். யோசிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததுபோல் மனசு அதே இடத்தில் வந்து வந்து முட்டியது. முந்தாநாள் ராத்திரி அக்கா வீட்டு வாசலில் மச்சானும் அவனும் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டது. மச்சான் பழைய வண்டி விற்கிற யார்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறோம் என்று அங்கே வியாபாரம் பார்க்கிற நாச்சிமுத்துவிடம் சொன்னார். போனை வைத்த பிறகு மௌலிதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான், மச்சான், பத்து மணிக்கு வேண்டாமுங், நாம வெடியால ஆறு மணிக்கே போயிரலாமுங், அவங்க ஸ்டார்ட் பண்ணி வெக்கறதுக்கு முன்னாடி. தேய்ந்துபோன டீசல் என்ஜின் சூட்டில் காட்டிக்கொள்ளாது. இரவு முழுக்க நின்று, எண்ணெயெல்லாம் கீழே இறங்கி, குளிர்ந்து போன பிறகு முதல் தடவை சாவி போடும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டான், ஒத்துக்கொள்கிறான். ஆனாலும் அவன் தொழிலுக்கு வேறு எது முக்கியம். அப்பா அறுத்துக் கட்டுகிற வாழை இலைக் கட்டுகளை விடிவதற்கு வெகு முன்னாலேயே ஏற்றி, கோயமுத்தூர் ஓட்டல்களில் இட்லிச் சட்டி அடுப்பில் ஏறுவதற்குள் இறக்க வேண்டும். இவ்வளவு நாள் அடுத்தவன் வண்டியில் இடம் கேட்டு, இடம் இல்லாத நாளில் இலையைத் திருப்பி இறக்கி, மாட்டுக்குப் போட்டு. இனி சொந்த வண்டி. அது தினமும் குளிரில்தான் எழுந்தாக வேண்டும். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். வெவரமாத்தான் இருக்கற மாப்ளே, வண்டி யாவாரத்துல என்னயக்கூட நம்பாத, என்றார். அம்மாவுக்குக்கூட பத்து மணி என்றுதான் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. ஆறு மணி என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும்.

அப்புறம் அந்தச் சத்தம். அதை மறந்துவிடலாம் என்று பார்த்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. யார்டு கேட்டைத் திறந்து உள்ளே நடந்து வந்தபோது ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றதும் அடியிலிருந்து டக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். சூடான இரும்பு ஆறும்போது போடுகிற சத்தம், மச்சானின் குட்டி யானை வண்டி ஓட்டம் முடித்து வந்து நின்றதும் அப்படித்தான் முனகும், அதற்குள் யாரோ சுண்டுகிறார்கள் என்று அக்கா மகள் சொல்லுவாள். மௌலி பானெட்டில் கையை வைத்தான். அப்போது மச்சான் அவனைப் பார்க்கவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது. வேறெங்கோ தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, "பனி சாஸ்தியா இருக்குது இன்னைக்கு" என்றார். நாச்சிமுத்து முகம் கழுவிய ஈரத்தோடு வந்தார். பத்து மணி என்று சொன்னவர்கள் ஆறு மணிக்கு வந்து நிற்கிறார்களே என்று அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார், "நேத்து பொழுதோட நிறுத்துனதுங்க. இன்னும் சாவியே போடலை." கேட்காத கேள்விக்கு வந்த பதில். சாவியைப் போட்டதும் ஒரே உறுமலில் எடுத்துக்கொண்டது. மச்சான் அவன் தோளில் தட்டி, பாத்தயா, என்றார். மௌலியும் தலையாட்டினான். ஏன் தலையாட்டினான். காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான், ஒரு ரீடிங்கை வைத்து எதையும் எழுதாதே, ஒத்துவருகிற இன்னொன்று வரும்வரை பியூரெட்டைத் திரும்ப நிரப்பு. பனி இல்லாத பானெட் ஒன்று. டக் என்ற சத்தம் இன்னொன்று. இருந்தும் தலையாட்டினான். பக்கத்தில் நிற்பவர் மச்சான் என்பதால் கை பியூரெட்டுக்குப் போகவில்லை.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டான். மச்சான் இரண்டு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் நாச்சிமுத்து, தோளில் பச்சைத் துண்டு.

"டீ மாப்ளே. கூகுள்ல கேட்டுட்டுக் குடிக்கறயா, அப்படியே குடிக்கறயா?"

"படிச்ச புள்ளைங்க, கேட்டுக் குடிக்கறது நல்லதுதானுங்க" என்றார் நாச்சிமுத்து.

"அதென்ன, சொந்த வண்டில உக்காந்துட்டுப் பொண்ணு பாக்கப் போனவனாட்டம் முழிக்கற?"

"ஒண்ணுமில்லீங் மச்சான்."

"பயமா இருக்குதா?"

"கொஞ்சம்."

"நான் இருக்கறேனில்ல" என்று மச்சான் டம்ளரை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் இருக்கறேனில்ல. இதே நான்கு எழுத்துச் சமாதானம்தான், இல்லை, எத்தனை எழுத்து என்று யார் எண்ணினார்கள், இதே சமாதானம்தான் காலேஜ் அட்மிஷன் அன்றைக்கும். அப்பா ஆபீஸ் வாசலோடு நின்றுவிட்டார். தரை பளபளவென்று இருக்கிறது என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நீங்க போங்க, நான் இங்கயே நிக்கறேன் என்றார். இலைப் பால் பட்டுக் கறுத்த விரல்களை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. உள்ளே வந்து கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் சென்னியப்பன், அக்கா புருஷன், கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பரீட்சைக்கு பஸ் வராத நாளில் பைக்கில் கொண்டுபோய் விட்டவர். வாய்க்கால் மேட்டில் தன் வண்டியைக் கொடுத்து ஓட்டப் பழக்கினவர், கிளச்சைப் பட்டுனு விடாத மாப்ளே, காலுக்கடியில கோழிக்குஞ்சு இருக்கற மாதிரி நெனச்சுட்டு விடு, என்று சொல்லிச் சொல்லி, எத்தனை முறை வண்டி அணைந்தாலும் ஒரு தடவைகூடக் கத்தாமல். பட்டமளிப்பு அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, யார் பெயரைக் கூப்பிட்டாலும் கை தட்டிக்கொண்டிருந்தவர். அந்த மனுஷனைப் போய். நாலெழுத்து படித்துவிட்ட திமிரா இது. பனி, சத்தம், சூடு என்று எதையாவது முடிச்சுப் போட்டுப் பார்க்கிற வியாதி. எக்ஸாம் ஹாலில் எழுதி முடித்த விடையை அடித்துத் திரும்ப எழுதித் தப்பாக்குவானே, அதுபோல. நாச்சிமுத்து பால் வாங்க இந்த வண்டியையே எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வாட்ச்மேன் யாராவது குளிருக்கு உள்ளே படுத்து ஹீட்டர் போட்டிருக்கலாம். ஹீட்டரே இல்லாத வண்டியில். டீ நாக்கைச் சுட்டது. விடியற்காலை பைக்கில் வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது மச்சான் ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இருட்டுக்குள் போனார். இருட்டில் அவர் முகம் மட்டும் நீலமாகத் தெரிந்தது. போன் வெளிச்சம். மணி பார்த்திருப்பார் என்று நினைத்தான். கையில்தான் வாட்ச் கட்டியிருந்தாரே. இருக்கட்டும், கையில் வாட்ச் இருப்பவன் போனில் மணி பார்க்கக் கூடாதா. பார்க்கலாம். டம்ளரை டேஷ்போர்டில் வைத்தான். அது வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தது, பிடித்தான்.

பிடிக்கத் திரும்பியபோதுதான் சைடு மிரரில் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மச்சானும் நாச்சிமுத்துவும். நாச்சிமுத்துவின் தோளில் இருந்த பச்சைத் துண்டு இப்போது தோளில் இல்லை. அது இரண்டு பேரின் வலது கைகளின் மேலும் விரிந்து கிடந்தது. நாச்சிமுத்து முன்பு மாட்டுச்சந்தையில் தரகராக இருந்தவர், மாட்டிலிருந்து வண்டிக்கு மாறியும் துண்டை விடவில்லை. விலையை வாயால் சொல்ல மாட்டார். துண்டுக்குள் கை போட்டு, விரலைப் பிடித்து, இத்தனை விரல் என்றால் இவ்வளவு, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. காலையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் அப்படித்தான் பேசினார்கள், அவனுக்காக மச்சான் கை போட்டார். அப்போது மௌலிக்குப் பெருமையாகக்கூட இருந்தது, துண்டுக்குள் தன் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார் என்று. கையை வெளியே எடுத்து மச்சான் விலையை உரக்கச் சொன்னார். முடிந்துவிட்டது. விலை முடிந்துவிட்டது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முடிந்துவிட்டது. அதற்கப்புறம் துண்டுக்குள் என்ன இருக்கிறது. கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தார்கள். மச்சானின் முழங்கை அசைந்தது. தலையை இல்லை என்று ஆட்டினார். துண்டு ஒரு முறை துள்ளியது, உள்ளே எலி ஓடுவதுபோல. மறுபடி அசைவு. இந்த முறை மச்சான் தலை மெதுவாக மேலும் கீழும் போனது. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மச்சான் வலது கையை வேட்டியில் துடைத்தார், ஈரம் எதுவும் படாத கையை.

எனக்காக இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டிருப்பார். அப்படியானால் இப்போது வந்து சொல்லட்டும். மௌலி மிரரையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லட்டும், மாப்ளே இன்னும் கொஞ்சம் குறைச்சுப்போட்டேன் என்று சிரித்துக்கொண்டு வரட்டும், நான் இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடுகிறேன், சூடு தெரிந்தது என்று பொய் சொன்ன கை என்று. மச்சான் வரவில்லை. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துப் பல்லில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். மௌலிக்கு அக்கா சுகந்தியின் முகம் வந்தது. போன வாரம்தான் சொன்னாள், உனக்கு வண்டி பாக்கணும்னு அவரு ரெண்டு நாளா ஓட்டத்துக்குக்கூடப் போகாம அலையறாருடா. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம். இப்போது வாயைத் திறந்தால் அந்த வெளிச்சம்தான் முதலில் போகும். அம்மாவுக்குத் தெரியவரும், அப்பாவுக்குத் தெரியவரும், அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் அடுத்த முறை மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்க ஒரு நொடி தாமதிப்பார், அந்த ஒரு நொடியை அக்கா பார்த்துவிடுவாள். வருகிற மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இதே மடியில், இந்த மஞ்சள் பை இருக்கிற இடத்தில், அந்தக் குழந்தை பயந்து அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும், எதிரில் அவள் அப்பா நிற்பார், அவர் கண்ணை எப்படிப் பார்ப்பது. சொல்லாவிட்டால் மட்டும் பார்த்துவிட முடியுமா. சொல்லாவிட்டால், மார்கழி வரும், தோட்டத்து மேட்டில் இலைக்கட்டுகள் அடுக்கி வண்டி நிற்கும், அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டார்ச் பிடித்து நிற்பார், சாவியைத் திருப்பினால் கிர்ர், கிர்ர், கிர்ர் என்று இழுக்கும், இழுத்து நின்றுவிடும், வெள்ளைப் புகை ஒரு முடிச்சு வெளியே வரும், மறுபடி கிர்ர். ஓட்டலில் இருந்து போன். தம்பி, எலை வருமா வராதா. வெயில் ஏறினால் இலை ஓரம் சுருண்டு மடங்கும். அப்பா டார்ச்சை அணைத்துவிடுவார், பேட்டரி வீணாகாமல். திட்ட மாட்டார். படித்த மகன் பார்த்து வாங்கினது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர் திட்டவே மாட்டார்.

இத்தனையிலும் உறுத்துவது வேறு ஒன்று என்று மெல்ல மெல்லத் தெரிந்தது, ஈறில் சிக்கின நாரை நாக்கு தேடித் தேடிக் கண்டுபிடிப்பதுபோல. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாததா, அதற்காகத்தானே அத்தனையும் படித்தான். நாச்சிமுத்து ஏமாற்றினால் அது அவர் வியாபாரம், கோபம்கூட வராது. மச்சானுக்கு நெருக்கடி இருக்கும், வண்டி ஓட்டம் சரியில்லை என்று காதில் விழுந்ததுதான், கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், வெளிப்படையாக மாப்ளே எனக்கும் இதுல ஏதாச்சும் பாத்துக்கறேன் என்று சொல்லியிருந்தாலும் சரிங் மச்சான் என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் குரலைத் தாழ்த்திச் சொன்ன ஒரே ஒரு விஷயம் அந்த ஆறு மணி. அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதைவிடவும் மோசம், பானெட்டில் அவன் கை வைத்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் தென்னை மரத்தைப் பார்த்தார். இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் டீ கொண்டுவந்தார். ஏனென்றால் மௌலி சொல்லமாட்டான். மௌலி எதையும் மனசுக்குள் போட்டு அரைப்பான், வாயைத் திறக்கமாட்டான், அக்காவுக்காகத் திறக்கமாட்டான், செய்த நன்றிக்காகத் திறக்கமாட்டான். கிளச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தவருக்கு இது தெரியாதா. விலை பேசியது வண்டிக்கு மட்டும் இல்லை. துண்டுக்குள் அவனுடைய வாயும் இருந்தது, அடக்கமான பையன், பேசமாட்டான் என்று அதற்கும் ஒரு விரல். முகம் சுடுவது தெரிந்தது. சாமந்திப் பூ கண்ணாடியில் அழுந்தியபடி அவனையே பார்த்தது.

"மாப்ளே, ராகு காலம் முடிஞ்சுது." மச்சான் சூடத்தைப் பற்ற வைத்து வண்டிக்கு முன்னால் சுற்றினார். "சாமியக் கும்பிட்டுட்டு எடு. பழத்து மேல ஏத்தி நிறுத்து."

நாச்சிமுத்து துண்டைச் சரிசெய்துகொண்டு கதவோரம் வந்து நின்றார், பணப் பைக்காக.

மௌலி கதவைத் திறந்து இறங்கினான். முன்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தான். அந்தப் பக்கம் போய் இன்னொன்றை எடுத்தான். பின்னால் போய் மற்ற இரண்டையும். மண்ணை ஊதிவிட்டு நான்கையும் மஞ்சள் பைக்குள், பணத்தின் மேல் போட்டுக்கொண்டான். சூடம் தரையில் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ளே?"

"ஆறட்டுங் மச்சான்."

"எது?"

"வண்டிங்."

நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார். "என்னங் தம்பி, ஓட்டிப் பாத்தீங்கல்லொ. நல்லாத்தான போச்சு."

"நல்லாப் போச்சுங்க. சூட்டுல நல்லாப் போச்சு. குளுந்தப்பறம் ஒருக்கா பாத்துக்கறனுங்க." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவனுக்கே விசித்திரமாக இருந்தது. "ராத்திரி இங்கயே, இந்த வண்டிக்குள்ளயே படுத்துக்கறேன். சாவி என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு வெடியால நானே போடறேன். ஒரே தடவைல எடுத்துதுன்னா பேசுன விலையவே குடுத்தர்றேனுங்க."

நாச்சிமுத்து அவனைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். மூன்றாவது ரீடிங் இவ்வளவு சுத்தமாக விழும் என்று மௌலி எதிர்பார்த்திருக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில், இந்தச் சந்தேகம் பொய்யாகிவிடக் கூடாதா என்று கடைசி வரை வேண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

மச்சான் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்தார். அதை எங்கே போடுவது என்று தெரியாதவர்போல் கையிலேயே வைத்திருந்தார். "இங்க எப்படி மாப்ளே தனியா, கொசு புடுங்கும். நான் இருக்க…" என்று ஆரம்பித்து, அந்த வார்த்தையை முடிக்காமல் நிறுத்திவிட்டார்.

"வேண்டாமுங். நீங்க வீட்டுக்குப் போங்க. அக்கா கேட்டா, நல்ல நேரம் இன்னும் வரலைன்னு சொல்லிருங்க." பிறகு, சொல்லாமல் விட்டால் வேறு மாதிரி அர்த்தமாகிவிடுமோ என்று பயந்து, "பாப்பா காதுகுத்துக்கு முந்தின நாளே வந்தர்றேன்" என்றான்.

மச்சான் தலையசைத்தார். பைக்கைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். அது உதைத்ததும் எடுத்துக்கொண்டது, சத்தம் மாட்டுச்சந்தை ரோட்டில் வெகுநேரம் கேட்டது. நாச்சிமுத்து எரிந்து முடிந்த சூடத்தின் கரியைச் செருப்பால் தேய்த்துவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார். மௌலி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். வெயில் இப்போதுதான் பானெட்டின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. இது இறங்கி, பொழுது சாய்ந்து, பனி விழ வேண்டும். அதுவரை ஒரு வேலையும் இல்லை. அடியில் எங்கேயோ டக் என்றது. அவன் அடுத்ததற்காகக் காத்திருந்தான்.